மறு: பஃப் பேஸ்ட்ரி – ஏட்டுமாவு என்று சொன்னால் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

பஃப் பேஸ்ட்ரிக்கு, அதாவது நடுவில் வெண்ணெய் வைத்து மடித்துத் தேய்க்கும் மாவுக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவு மடித்த தைரியத்தில் எழுதுகிறேன்.

> ‘பஃப் பேஸ்ட்ரி’ என்றே எழுதிவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியாது என்பதுதான் பிரச்சினை. கேரளத்துப் பாலக்காடு ஜில்லாவில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் பேஸ்ட்ரி கேட்டால் க்ரீம் தடவிய கேக்கில் ஒரு துண்டு வரும். பஃப் என்று கேட்டால் “முட்டையா, வெஜ்ஜா?” என்பார்கள்; அது பப்ஸ். ஒன்று வாங்கினாலும் பப்ஸ்தான், பத்து வாங்கினாலும் பப்ஸ்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கடைப்பையன் நம் முகத்தைப் பார்ப்பான். பேக்கரி மாஸ்டர் அந்த மாவை ‘பப்ஸ் மாவு’ என்கிறார். அவருக்கு அது போதும். நாம் மொழிபெயர்ப்பதோ அந்த மாவில் செய்யும் இனிப்பு பிஸ்கட். ‘பப்ஸ் மாவு’ என்று போட்டால் படிக்கிறவர் மசாலா தேடுவார்.

> உப்புவதால் ‘உப்புமாவு’.

இதை அனுப்பிய நண்பர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். காலை டிபனுக்கு எலுமிச்சை ஊறுகாயோடு வந்துவிடும்.

‘அடுக்குமாவு’ மோசமில்லை, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அடுக்கு என்றால் தனித்தனியாக இருப்பதை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது: அடுக்குச் சட்டி, அடுக்கு மாடி. இங்கே யாரும் எதையும் அடுக்குவதில்லை. ஒரே மாவு, நடுவில் ஒரே வெண்ணெய்ப் பாளம். மடித்துத் தேய்த்து, மறுபடி மடித்துத் தேய்த்து வரும்போது அதுவே தாள் தாளாகிறது. மூன்றாக மடிப்பதை ஆறு தடவை செய்தால் வெண்ணெய் 3, 9, 27, 81, 243 என்று பெருகி 729 படலம் ஆகிவிடும். சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகித் தாள்களைத் தூக்குகிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் வெண்ணெய் தடுக்கிறது. ஈஸ்டும் இல்லை, சோடா உப்பும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘பாத் ஃபொய்த்தே’ என்கிறார்கள். ‘ஃபொய்’ அவர்களுக்கு மரத்தின் இலையும்தான், காகிதத்தாளும்தான். ‘மில்ஃபொய்’ என்றொரு பலகாரமே உண்டு, ஆயிரம் இலை என்று பொருள். இலை, தாள் இரண்டையும் ஒரே சொல்லில் சொல்ல நமக்கும் ஒன்று இருக்கிறதே: ஏடு. பூவின் இதழ் ஏடு, பனையோலைச் சுவடியின் தாள் ஏடு. இது மட்டும் என்றால் முன்மொழிந்திருக்க மாட்டேன். பாலின் மேல் படியும் கொழுப்பும் ஏடுதான். தயிரில் ஏட்டை எடுத்துத்தானே வெண்ணெய் கடைகிறோம்? தாளும் வெண்ணெயும் ஒரே சொல்லில் இருக்கும்போது வேறெங்கே போய்த் தேடுவது? ஆகவே ஏட்டுமாவு.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். முதல் எதிர்ப்பு வீட்டிலேயே வந்தது. “ஏட்டுன்னா ஹெட் கான்ஸ்டபிள் இல்லையா? ஸ்டேஷனுக்குக் குடுத்தனுப்புற மாவா?” என்றாள் மனைவி. பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு படி மேலே போய், “ஏட்டிலே பசு புல்லு தின்னில்ல” என்று அவர்கள் பழமொழியை எடுத்துவிட்டார். நம்முடைய ஏட்டுச் சுரைக்காயின் மலையாள உறவு அது. இரண்டு மொழியிலும் ஏட்டைக் கிண்டல் செய்யப் பழமொழி இருக்கிறது, இரண்டிலும் சாப்பாட்டை வைத்தே! ஆனால் சொல்லைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் ஏதோ ஒன்று நினைவுக்கு வந்ததே, அது நல்ல அறிகுறி. ‘மென்படலப் பிசைவு’ என்று ஒருவர் அனுப்பியிருந்தாரே, அதைக் கேட்டு யாருக்கு என்ன நினைவுக்கு வரும்?

அடுத்தது லேமினேஷன், அதாவது வெண்ணெய் வைத்த மாவை இப்படி மடித்து மடித்துத் தேய்ப்பது. அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: இங்கே லேமினேஷன் என்றால் ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டைக்குப் பிளாஸ்டிக் போடுவது. ‘மடக்கு’ போதும். கேரளத்தில் மைதாவை மடித்துப் பொரித்துப் பாகில் போடும் பலகாரத்துக்கு ஏற்கெனவே மடக்கு என்றுதான் பெயர். ஒரு சுற்று மடித்துத் தேய்ப்பது ஒரு மடக்கு. ‘ஆறு மடக்கு ஏட்டுமாவு’ என்று குறிப்பில் எழுதினால் சமைக்கிறவருக்குக் கணக்கும் கிடைத்துவிடுகிறது. ஒரு மடக்குத் தண்ணீரோடு குழம்பாதா என்றால், குழம்பாது. தண்ணீரை யாரும் மடித்துத் தேய்ப்பதில்லை. செய்யுளில் வந்த சொல்லே திரும்ப வந்து வேறு பொருள் தருவதும் மடக்குதான். மாவுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி அந்த பிஸ்கட். பெயர் ‘பால்மியே’. பிரெஞ்சில் பனை, தென்னை வகை மரங்களுக்குப் பொதுப்பெயர். வடிவம் விரிந்த பனையோலைபோல இருப்பதால் வந்தது. அதையே ஆங்கிலத்தில் யானைக்காது என்கிறவர்கள் உண்டு, ஜெர்மன்காரர்களுக்குப் பன்றிக்காது, ஸ்பானிஷ் பேசும் மெக்சிகோவில் வெறும் காது. ஓலையா காதா என்று ஊருக்கு ஊர் பிரிந்து கிடக்கிறார்கள். கரிம்பனைக்குப் பேர்போன ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு நான் ஓலை பக்கம்தான் சாய்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சாய வேண்டியதே இல்லை. பனைக்கும் மடல், காதுக்கும் மடல். காதலில் தோற்றவன் பனைமடல் குதிரை ஏறிய நாட்டில் இதற்கு வேறு பெயர் வைத்தால் பாவம். மடல் பிஸ்கட். (இந்தக் கடிதமும் மடல்தான், அதை வேண்டுமென்றே செய்யவில்லை.)

‘பிஸ்கட்’டை விட்டுவிட்டேன் என்று திட்டாதீர்கள். மாச்சில்லு என்று எழுதிப் பார்த்த காலத்திலும் கடையில் பிஸ்கட் என்றுதான் கேட்டோம்.

சொல் சமையலறையில் ஓடுகிறதா என்று பார்க்கச் செய்தும் பார்த்தேன். போன ஞாயிறு மத்தியானம் முதல் முயற்சி. சித்திரையில் எங்கள் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும், வெண்ணெயோ 35-ஐத் தாண்டாமலே உருகிவிடும். இரண்டாவது மடக்கிலேயே மாவு கிழிந்து வெண்ணெய் மேடையில் ஓடியது. கிடைத்தது ஏட்டுமாவு அல்ல, பரோட்டா மாவு. மாஸ்டரிடம் சொன்னேன். “நாங்க மார்ஜரின் போடறோம் சார், சீக்கிரம் உருகாது. வெண்ணெதான் வேணும்னா விடியறதுக்குள்ள முடிச்சிருங்க” என்றார்.

முடித்துவிட்டேன். வரைவுக் குறிப்பு கீழே. சொற்களை மட்டும் பாருங்கள், சமையலை அல்ல:

“மைதா 250 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த நீர் சுமார் 125 மில்லி சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் ஊற விடவும். சில்லென்ற வெண்ணெய் 200 கிராமைத் தட்டையாக்கி, தேய்த்த மாவின் நடுவே வைத்து உறைபோல மூடவும். நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிக்கவும். இது ஒரு மடக்கு. இரண்டு மடக்குக்கு ஒருமுறை ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து, ஆறு மடக்கு முடிக்கவும். கடைசியாக ஏட்டுமாவைச் சர்க்கரை தூவிய பலகையில் தேய்த்து, மேலேயும் சர்க்கரை தூவி, இரண்டு ஓரங்களையும் நடுவை நோக்கிச் சுருட்டவும். குளிரவைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் மடல்களாக நறுக்கவும். 200 டிகிரி ஓவனில் அடிப்பக்கச் சர்க்கரை பொன்னிறமானதும் திருப்பிப் போட்டு, மறுபக்கமும் அப்படியே ஆகும்வரை வேகவிடவும்.”

‘ஊற விடுதல்’ பரோட்டாக் கடையிலிருந்து எடுத்தது. ‘மாவுக்கு ஓய்வு கொடுத்தல்’ என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார். மாவு என்ன லீவு போட்டா வந்தது?

‘பலகையில் சர்க்கரை தூவி’ என்று எழுதிய இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். வழக்கமாகச் சப்பாத்தி தேய்க்கும்போது ஒட்டாமலிருக்கத் தூவுகிற மாவுக்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் உண்டா? எங்கள் வீட்டில் ‘தொட்டுத் தேய்க்கிற மாவு’ என்பதைத் தாண்டிச் சொல் இல்லை. சேச்சியிடம் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டு, தட்டிலிருந்து இன்னொரு மடலை எடுத்துக்கொண்டு போனார்.