களைக்கொல்லித் தண்ணீர்: தக்காளித் தீவனம் மீனைக் காக்குமா?

கடைமடைக்காரன்:
என் மீன்குளத்துக்கு வருவது மேலே வயல்களில் களைக்கொல்லி தூவி வடித்த நீர். தக்காளித் தீவனம் போட்டால் மீன் தப்புமா என்று பார்க்கிறேன். எகிப்தில் நைல் திலேப்பியாவை, அதாவது நம் ஜிலேபிக் கெண்டையின் பங்காளியை, அட்ரசின் என்ற களைக்கொல்லி கலந்த நீரில் விட்டுச் சோதித்திருக்கிறார்கள். தீவனத்தோடு வைட்டமின் ஈ அல்லது தக்காளிப் பசை தின்ற மீன்களுக்கு ரத்த அளவுகள் தேறியிருந்தன. களைக்கொல்லியால் சரிந்த ஆண் ஹார்மோன் இத்தகைய தீவனத்தால் ஓரளவு மீள்வதாகச் சொல்லும் சோதனைகளும் உண்டு. விலை சரிந்தால் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறோம். தவிட்டிலும் கடலைப் பிண்ணாக்கிலும் கலந்து குளத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

மதகடி:
ரத்தம் தேறியதை வைத்து ஹார்மோனும் தேறிவிடும் என்று எண்ண வேண்டாம். அட்ரசின் இரண்டு வழியில் கெடுக்கிறது. உடலில் ஆக்சிஜனேற்றத்தைப் பெருக்கி ஈரலையும் விந்தகத்தையும் அரிப்பது ஒன்று. அதை வைட்டமின் ஈயும் தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீனும் தணிக்கும், மறுக்கவில்லை. அரோமட்டேஸ் என்ற நொதியைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுவது இன்னொன்று. அந்த மாற்றத்தைத் தக்காளி எப்படித் தடுக்கும்? 2010இல் அமெரிக்க உயிரியலாளர் டைரோன் ஹேய்ஸின் குழு வெளியிட்ட ஆய்வில், 100 கோடியில் 2.5 பங்கு அட்ரசின் இருந்த நீரில் வளர்ந்த ஆண் தவளைகளில் சுமார் 10 விழுக்காடு பெண்ணாகவே மாறி முட்டையிட்டன.

கடைமடைக்காரன்:
தவளை ஆய்வுகளை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அந்தப் பாதிப்பு தென்படவில்லை என்றும் அறிக்கை உண்டு. தக்காளியை மட்டும் இவ்வளவு துருவுகிறீர்களே!

பொரிப்பகத்தார்:
இருவருமே குளத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ஒற்றைப்பால் திலேப்பியா வளர்ப்பில், குஞ்சாக இருக்கும்போதே மூன்று நான்கு வாரம் தீவனத்தில் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கலந்து கொடுத்து அவற்றை ஆணாக்குவதுதான் பரவலான வழக்கம். விற்பனைக்கு வளரும் மீன் இனப்பெருக்கம் செய்யவே தேவையில்லை. இந்தக் கவலை சினைமீன் வைத்துக் குஞ்சு பொரிக்கும் எங்களுக்குத்தான். அதோடு அட்ரசின் கரும்பு, மக்காச்சோளக் கொல்லைக்காரர்களின் மருந்து. டெல்டா நெல் வயலிலிருந்து உங்கள் குளத்துக்கு வருவது பெரும்பாலும் பூட்டாக்குளோர் என்ற நெல் களைக்கொல்லி. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட வேண்டாம், கெண்டை மிதந்துவிடும். செத்த மீனுக்குத் தக்காளி எதற்கு?

மதகடி:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நட்ட மூன்றாம் நான்காம் நாள் பூட்டாக்குளோரை மணலில் கலந்து, வயலில் மெல்லிய நீர் நிற்கும்போது தூவுகிறார்கள். பிறகு இரண்டு நாள் அந்த நீரை வடிக்கக் கூடாது என்பது வேளாண்மைத் துறையே சொல்லும் முறை. நாற்றுக்கும் நல்லது, கீழே இருக்கும் குளத்துக்கும் நல்லது. பாதிப் பேர் அன்றே மடையைத் திறந்துவிடுகிறார்கள். அதை நிறுத்தச் செலவு ஒன்றும் இல்லை. நீங்களும் அந்த ஒரு வாரம் மதகை மூடுங்கள்.

கடைமடைக்காரன்:
மதகை மூடு என்று சொல்ல உங்களுக்கு எளிது ஐயா. பத்துப் பேர் வயலில் நின்ற நீர்தான் எனக்கு வந்து சேர்கிறது. யார் எப்போது தூவினார் என்று வரப்பு வரப்பாகப் போய் விசாரிக்க முடியுமா? எகிப்திலும் இதே கதைதான். நல்ல பாசன நீரை மீன்பண்ணைக்கு எடுக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் 124ஆம் எண் சட்டம் தடுத்தது. வடிகால் நீரில்தான் அவர்கள் திலேப்பியா வளர்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத நீரில் வளர்ப்பவனுக்கு, தீவனம் ஒன்றுதான் கைக்குள் இருக்கிறது.

பொரிப்பகத்தார்:
கடைமடைக்காரரே, பக்கத்தில் ஒரு சிறு குட்டை வெட்டி வடிகால் நீரை முதலில் அதில் தேக்குங்கள். அதில் நாலைந்து குஞ்சுகளை வலைக்கூண்டில் விட்டுப் பாருங்கள். அவை தெம்பாக மேய்ந்தால் பெரிய குளத்துக்குத் திறக்கலாம். நீர் உயிரைக் கொல்லுமா என்பது மட்டுமே இதில் தெரியும், ஹார்மோன் கேடு தெரியாது. தக்காளி போடுவதானால் வெயிலில் கருக்காமல் நிழலில் உலர்த்துங்கள். லைக்கோபீன் எண்ணெயில் கரைவது, ஆகவே பிண்ணாக்கோடு சேர்ப்பது சரிதான்.

மதகடி:
குட்டைக்கு என் ஓட்டு. தக்காளிக்கு இல்லை.

கடைமடைக்காரன்:
குட்டைக்கு இடம் எங்கே? வரப்பை வெட்டினால் அண்ணன் தம்பி வழக்கு வரும். சம்பா நடவு முடியும்வரை தக்காளியைத்தான் போட்டுப் பார்க்கப் போகிறேன்.