பேட்மிண்டன் டபுள்ஸில் சர்வீஸ் யாருக்கு?

கேள்வி:
கிருஷ்ணகிரி அணைப் பக்கம் எங்கள் தெருவில் சாயங்காலம் நாலு பேர் நெட் கட்டி ஆடுகிறோம். பாயின்ட் எடுத்ததும் அடுத்த சர்வீஸ் யாருக்கு என்று தினமும் தகராறு. விதி தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

தர்மபுரிக்காரன்:
தம்பி, சர்வீஸ் போட்டு பாயின்ட் எடுத்தவரே தொடர்ந்து போட வேண்டும்; கூட்டாளியோடு இடம் மட்டும் மாறணும். எதிரணி இடம் மாறக் கூடாது. ரேலியை (ஒரு சர்வீஸில் தொடங்கும் ஆட்டத்தை) தோற்றால் சர்வீஸும் பாயின்ட்டும் எதிரணிக்கு. அப்போது யாரும் நகர வேண்டாம். அவர்கள் ஸ்கோர் இரட்டைப்படையானால் வலப்பக்கம் நிற்பவர் போடுவார், ஒற்றைப்படையானால் இடப்பக்கத்தவர். ‘இரண்டாவது சர்வர்’ (தோற்றதும் சர்வீஸ் கூட்டாளிக்குப் போவது) என்பதெல்லாம் 2006-க்கு முந்தைய கதை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும் அதை விடுவதாயில்லை!

இன்னொருவர்:
டபுள்ஸ் சர்வீஸுக்குப் பின்கோடு கடைசிக் கோடு அல்ல, அதற்கு 76 சென்டிமீட்டர் உள்ளே இருப்பது. சிங்கிள்ஸுக்குத்தான் கடைசிக் கோடு வரை. நெட்டைத் தொட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் சர்வீஸ் செல்லும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. காக் (இறகுப்பந்து) கோட்டின் மேலேயே விழுந்தால்? 20-20 ஆனால்?

தர்மபுரிக்காரன்:
கோட்டைத் தொட்டால் உள்ளேதான். 20-20க்குப் பிறகு இரண்டு பாயின்ட் முந்த வேண்டும். 29-29 வந்தால் 30-ஐ முதலில் தொடுபவர் ஜெயிப்பார். அப்புறம், வெட்டவெளியில் காற்றடித்தால் இறகு வைத்த காக்குகளை வீணாக்காதீர்கள், நைலான் காக்கே போதும்.