குளச்சல் பக்கம் கேம் கன்சோல் ரிப்பேர் பாக்க ஆள் உண்டா?

மக்களே, ஒரு உதவி. பையனுக்கு வாங்குன கேம் கன்சோல், வாரண்டி முடிஞ்சு 19-ம் நாள் படுத்துடுச்சு. ஆன் பண்ணா ஃபேன் புல்லட் மாதிரி இரையும், அப்படியே அணைஞ்சிடும். சர்வீஸ் சென்டர்ல திறந்துகூட பாக்காம போர்டு மாத்தணும்னாங்க. அந்தக் காசோட கொஞ்சம் சேத்தா புதுசே வாங்கிடலாம்.

நாகர்கோவில்ல ஒரு கடைக்காரர்தான் கழட்டி, டிவி வயர் சொருகுற எச்டிஎம்ஐ போர்ட்டைச் சுத்திப் பச்சையா பூத்திருந்ததைக் காட்டினாரு. உப்புக்காத்து! கடலைப் பாத்த ஜன்னலோரம் வச்சது எங்க தப்புதான். ஆனா போர்டு வேலை அவரு செய்யமாட்டாராம். (பரண்ல கிடக்குற என்னோட பழைய கேசட் டிவி கேம், ஊதிப் போட்டா இன்னும் ஓடுது.)

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் போர்டுல சால்டரிங் தெரிஞ்சவங்க யாராவது? திருவனந்தபுரம்னாலும் பஸ்ல கொண்டு போயிடுவேன். பையன் சேவ் பண்ணது எல்லாம் உள்ளதான் இருக்கு, அதை அழிக்காம பாக்கணும்.