இதய நோயுள்ள கைக்குழந்தைகளின் தாய்மாருக்கான தாள்: உங்கள் ஊர்ச் சொல் வேண்டும்

வணக்கம் உறவுகளே. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். இதயக் கிளினிக் முடிந்து வீடு திரும்பும் தாய்மாருக்காகத் தமிழில் ஒரு பக்கத் தாள் எழுதுகிறோம்.

பெரிய சிக்கல் 'இளைப்பு'. இதயக் கீழறைகளுக்கு இடையே பெரிய ஓட்டை இருந்தால் நுரையீரலுக்கு இரத்தம் அளவுக்கு மீறிப் போகும். பிள்ளைக்கு மூச்சும் வாங்கும், உடம்பும் மெலியும். இரண்டையுமே 'இளைக்குது' என்கிறோம். 'முட்டு', 'தொய்வு' என்று போட்டால் ஆஸ்துமா என்று நினைப்பார்கள். வேகமாக மூச்சு விடுவதற்கும், மூச்செடுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுவதற்கும் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?

மூச்சு எண்ணும் பகுதி தயார்: பிள்ளை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். 2 மாதத்துக்குள் 60, அதன்பின் ஒரு வயது வரை 50. அந்த எண்ணைத் தொட்டாலோ, வழமையைவிடக் கூடினாலோ உடனே காட்டவேண்டும். பால் குடிக்கையில் நெற்றி வியர்ப்பதையும் சேர்த்திருக்கிறோம்.

அடுத்தது டிகொக்சின் என்ற இதய மருந்துப் பாணி. 0.5 மில்லியில் புள்ளி கண்ணில் படாவிட்டால் 5 மில்லி, பத்து மடங்கு. இதயத் துடிப்பே குழம்பிவிடும். தேக்கரண்டியும் 5 மில்லிதான், அதனால் 1 மில்லி சிரிஞ்சின் படம் போட்டு, அளவுக்கோட்டில் நிறம் தீட்டுகிறோம். பக்கத்தில் 'அரை மில்லி' என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்குமா?

சொல்லோடு ஊர்ப் பெயரையும் கீழே எழுதுங்கள். வீட்டில் அம்மம்மா இருந்தால் அவவிடமும் தயவுசெய்து கேளுங்கள்.