கொழுக்குமலை சூரியோதயம்: படங்களை இணைத்தால் பாறை விளிம்பில் வெள்ளைக் கோடு

போடி மாணவன்:
வணக்கம். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலை ஏறி, சிங்கப்பாறைக்குப் பின்னால் சூரியன் எழுவதை எடுத்தேன். முக்காலி, எஃப்/11, ஐஎஸ்ஓ 100. ஷட்டரை மட்டும் மாற்றி 1/250, 1/60, 1/15 நொடி என மூன்று ரா கோப்புகள் (கேமரா பதிவு செய்த மூலத் தரவு). முதலாவதில் வானம் அருமை, பாறை கரிக்கட்டை. கடைசியில் தேயிலைச் சரிவின் பச்சை தெரிகிறது, வானம் வெளுத்துவிட்டது. போட்டோஷாப்பின் தானியங்கி எச்டிஆர் இணைப்பில் (வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் வசதி) கொடுத்தால் பாறை விளிம்பு நெடுக வெள்ளைக் கோடு விழுகிறது. பள்ளத்தாக்கு மேகம் இரட்டையாகத் தெரிகிறது. வழி சொல்லுங்கள்.

மூணாறு ஸ்டூடியோ:
தம்பி, எடுத்த முறை சரி. அப்பர்ச்சரை, அதாவது எஃப் எண் குறிக்கும் லென்ஸ் திறப்பை, மாற்றியிருந்தால் குவியத்தின் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயிருக்கும். 1/15 படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வெளுத்த வானத்தின் ஒளி பாறை ஓரத்தின் மேல் வழிந்திருக்கும். அந்த ஓரத்தை இணைப்பில் சேர்க்கும்வரை கோடு போகாது. கையாலேயே இணையுங்கள். 1/250 படம் கீழ் லேயர் (அடுக்கு), 1/15 மேல் லேயர், அதற்குக் கறுப்பு மாஸ்க்: மேல் படத்தை மறைக்கும் திரை, வெள்ளை தீட்டிய இடத்தில் மட்டும் அந்தப் படம் தெரியும். மென்மையான தூரிகையை 10 சதவீத அடர்த்தியில் வைத்து, சரிவில் மட்டும் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டுங்கள். விளிம்புக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். சூரியனுக்கு எதிரில் நிற்கும் பாறை இருண்டுதான் இருக்கும். அதைப் பட்டப்பகல்போல் வெளிச்சமாக்கினால் விடியலே படத்தை விட்டுப் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பழவேற்காடு வாசகர்:
இவ்வளவு எதற்கு? மேல்பாதி கறுத்த பில்டரை லென்ஸில் மாட்டினால் ஒரே படத்தில் முடிந்துவிடுமே. ஏரியில் நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

மூணாறு ஸ்டூடியோ:
பழவேற்காட்டில் தொடுவானம் நேர்கோடு, அங்கே அது சிறந்த வழி. இங்கே பாறை வானத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பில்டர் அதன் தலையையும் சேர்த்து இருட்டாக்கிவிடும்.

போடி மாணவன்:
கோடு மறைந்தது, மிக்க நன்றி அண்ணா. மேகம் மட்டும் இன்னும் இரட்டையாக இருக்கிறது. சரிவின் அடிவாரத்தில் மாஸ்க் அதன் மேலும் படுகிறது.

குமுளி ஆசிரியை:
மேகம் படத்துக்குப் படம் நகர்ந்திருக்கும் தம்பி. எனவே மேகம் முழுவதையும் ஒரே கோப்பிலிருந்து எடுங்கள். 1/60 கோப்பை இரண்டு முறை டெவலப் செய்யுங்கள் (ரா கோப்பைத் திருத்திப் படமாக்குவது): ஒன்றில் மேகத்தின் வெண்மையை அடக்கி, மற்றொன்றில் நிழலை 2 ஸ்டாப் (நான்கு மடங்கு வெளிச்சம்) உயர்த்தி. இரண்டும் ஒரே கணம் என்பதால் இரட்டை விழ இடமில்லை. தேயிலைச் செடி காற்றில் ஆடியிருந்தாலும் இதே வைத்தியம்தான். ஐஎஸ்ஓ 100 என்பதால் நிழலில் வரும் சிறு புள்ளிகளை எளிதில் நீக்கிவிடலாம். சூரியனையும் அதைச் சுற்றிய வானத்தையும் மட்டும் 1/250 கோப்பிலிருந்து கொண்டுவாருங்கள். இணைக்கும் முன் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே வெள்ளைச் சமநிலையை (படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் அமைப்பு) கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சேரும் இடத்தில் பொன்னிறமும் நீலமும் ஒட்டாமல் நிற்கும்.