மாத்திரை போட்டீங்களா என்று தினமும் கேட்டவள்

அப்பாவுக்கு 71 வயது. அம்மா இறந்த மறுவருடம் சமூக வலைத்தளத்தில் ஒரு பெண் அறிமுகமானாள். கணவனை இழந்தவள், வெளிநாட்டில் ராணுவ டாக்டர் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டே நாளில் பேச்சை வேறொரு அரட்டைச் செயலிக்கு மாற்றிவிட்டாள். ஏன் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது: முதல் கணக்கை யாராவது புகார் செய்து முடக்கினாலும் அப்பா கை நழுவிப் போகமாட்டார்.

ஆறு வாரம் பணப் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு பார்சல் அனுப்பினாளாம், அது சுங்கத்தில் மாட்டிக்கொண்டதாம். விடுவிக்கக் கட்டணம், பிறகு அபராதம், அப்புறம் வரி. வீடியோவில் வரச் சொன்னால் முகாமில் அனுமதி இல்லை. பரிசு அட்டை (முன்கூட்டியே பணம் கட்டி வாங்குவது, எண் தெரிந்தவர் செலவழித்துவிடலாம்) வாங்கி எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோதுதான், அதை எப்படி வாங்குவது என்று அப்பா என்னிடம் கேட்டார்.

நான் சொதப்பியது இங்கேதான். அவள் படத்தைத் தேடுபொறியில் போட்டால் அதே முகம் நான்கு பெயர்களில் இருந்தது. ஏதோ கேஸ் ஜெயித்தவன்போல அதை அப்பா முன்னால் நீட்டி, "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த மாதமும் பணம் போனது, இந்த முறை எனக்குத் தெரியாமல். "பிள்ளைகளுக்கு நம் உறவு பிடிக்காது, சொல்லாதீங்க" என்று அவள் முன்பே ஓதி வைத்திருந்தாள். அதை நானே போய் நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு, பத்து நாள் அந்தப் பேச்சையே எடுக்காமல் கூட உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே போனைக் கொடுத்தார். எட்டு மாதச் செய்திகள். ஒவ்வொரு இரவும் 9 மணிக்கு "மாத்திரை போட்டீங்களா?" என்று இருந்தது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

* * *

மேலே எழுதியவரின் அப்பாவைப் போல ஏமாந்தவனே எழுதுகிறேன். முப்பது வருடம் கணக்குத் தணிக்கை பார்த்தவன், அதனால் படிக்காதவர்தான் ஏமாறுவார் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். என்னிடம் வந்தவள் பணம் கேட்கவே இல்லை. கிரிப்டோ என்ற இணைய நாணயத்தில் முதலீடு செய்யச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் சிறிய தொகையை எடுக்கவும் முடிந்தது, அதில்தான் விழுந்தேன். பெரிய தொகையை எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்றது திரை.

வீடியோ அழைப்பில் வந்தாள், சிரித்தாள். நேரலையிலேயே முகத்தை மாற்றும் மென்பொருள் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. வீடியோவில் பார்த்துவிட்டால் போதும் என்ற ஆலோசனை இனி செல்லாது.

பிறகு ஒன்று படித்தேன். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் அடைத்து வைக்கப்பட்டு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது. என்னோடு பேசியதும் அப்படி ஒருவராக இருக்கலாம். கோபம் குறையவில்லை, யார் மேல் கோபப்படுவது என்றுதான் குழப்பம்.

* * *

மேலே எழுதிய இருவர் கதையிலிருந்து என் சித்தி கதை வேறு மாதிரி. அவர் பணம் கொடுக்கவில்லை, வாங்கினார். "என் சம்பளத்தை உங்கள் கணக்குக்கு அனுப்புகிறேன், நான் சொல்லும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்" என்றான் இணையத்தில் அவரோடு பழகிய ஒருவன். வந்ததெல்லாம் வேறு யாரிடமோ ஏமாற்றிய பணம். கணக்கு முடங்கியது, போலீஸ் விசாரணை வேறு. அது ஓய்வதற்குள் ஒரு "வக்கீல்" கூப்பிட்டான், கட்டணம் கட்டினால் முடக்கத்தை எடுத்துத் தருகிறானாம்! ஒருமுறை சிக்கியவர்களின் எண்களை இவர்களுக்குள்ளேயே விற்றுக்கொள்கிறார்கள். நல்லவேளை, அரட்டையை அழிக்காமல் வைத்திருந்தார்; விசாரணையில் அதுதான் காப்பாற்றியது.

* * *

முதலில் அப்பாவைப் பற்றி எழுதியது நான்தான். அவரை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் நிறுத்தவில்லை. புகாருக்காக எல்லாவற்றையும் சேமித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அன்று இரவு அவரே ஒரு செய்தி எழுதி அனுப்பிவிட்டு அந்த எண்ணைத் தடைசெய்தார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.