ஏ6400-க்குச் சின்ன வைடு பிரைம்: 11-ஆ, 15-ஆ, 16-ஆ?

மேலரதவீதி
சோனி ஏ6400 காமிரா, அதோட வந்த கிட் லென்ஸ் 16-50 எம்எம் இருக்கு. ஆனித் தேரோட்டம், கோயில் மண்டபம், மணிமுத்தாறு அருவி எல்லாத்துக்கும் ஒரே ஒரு வைடு பிரைம் (அகலமாக் காட்டுற, ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்கணும். கூட்டத்துல நாள் பூரா கழுத்துல கிடக்கும், கனம் கூடாது. சோனி 11 எஃப் 1.8, சோனி 15 எஃப் 1.4 ஜி, சிக்மா 16 எஃப் 1.4, மூணுல எது? அண்ணாச்சிமாரு சொல்லுங்க.

பொதிகைச்சாரல்
தம்பி, கிட் லென்ஸ்ல 16-ல எடுத்த படங்களை மொதல்ல திறந்து பாருங்க. இடம் பத்தாம ஓரம் வெட்டுப்பட்டிருந்தா 11. எல்லாம் அடங்கியிருக்கு, இருட்டுல நாய்ஸ்தான் (படம் புள்ளி புள்ளியா வர்றது) தொந்தரவுன்னா 15. எஃப் நம்பர் குறையக் குறைய வெளிச்சம் கூட வரும். கிட் லென்ஸ் 16-ல எஃப் 3.5தான், எஃப் 1.4 அதைவிட ஆறு மடங்கு வெளிச்சம் வாங்கும். ஐஎஸ்ஓ (கூட்டக் கூட்ட நாய்ஸும் கூடும்) 6400 கேட்ட மண்டபத்துல 1000 போதும்.

தேருக்குக் கணக்குப் போட்டே பாத்துரலாம். 10 மீட்டர் தள்ளி நின்னு, காமிராவை நெட்டுக்குத்தலா, அண்ணாத்தாம பிடிச்சா 16-ல தரையிலேருந்து சுமார் 9 மீட்டர் உசரம் வரைக்கும்தான் அடங்கும். 11-ல 12 மீட்டர். அதுக்கு மேல வேணும்னு அண்ணாத்துனா தேர் பின்பக்கமா சாஞ்சாப்புல தெரியும். ரதவீதியில ஒரு மாடி கிடைச்சா அதுதான் நல்ல இடம், படத்துல பாதி ரோடாப் போகாது. 11-ல ஓரத்துல நிக்கிறவங்க முகம் இழுபடும், வடம் பிடிக்கிறவங்களை நடுவாக்குல வையுங்க.

கனம் 11-க்கு 181 கிராம், 15-க்கு 219. சிக்மா 405, உங்க பாடியே 403தான். முன்பக்கம் தொங்கும். கூட்டத்துக்கு அது வேண்டாம்.

கிருஷ்ணாபுரத்தான்
சிற்பமும் எடுப்பீங்கன்னா 11-ஐ நான் ஒத்துக்க மாட்டேன். கிருஷ்ணாபுரம் மண்டபத்துத் தூண்கிட்ட ஒட்டி நின்னு 11-ல எடுத்தா முன்னால நீட்டின கையும் வாளும் பெருத்து, முகம் சிறுத்துப் போகும். லென்ஸ் கோளாறு இல்ல அது, கிட்ட நிக்கிறதால வர்றது. 15-ல ரெண்டடி பின்னால போனா அளவு சரியா வரும். ஏ6400 பாடியிலயும் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரிக்கட்டுற வசதி) கிடையாது, இந்த மூணு லென்ஸ்லயும் கிடையாது. கையில பிடிச்சு எடுக்கையில ஷட்டர் வேகம் 1/30 செகண்டுக்குக் கீழ இறங்காதீங்க.

மேலரதவீதி
படங்களைப் பாத்தேன் அண்ணாச்சி, பாதிக்கு மேல நாய்ஸ்தான். 15-ன்னா அருவிக்கு என்ன ஃபில்டர்? பழசு வாங்கினா எதைப் பாக்கணும்?

பொதிகைச்சாரல்
55 எம்எம், 6 ஸ்டாப் என்டி (வெளிச்சத்தை 64-ல ஒரு பங்காக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி). நிழல்ல 1/60 வர்ற இடத்துல 1 செகண்ட் கிடைக்கும், தண்ணி பஞ்சாட்டம் விழும். ஸ்டாண்டு கட்டாயம். திருப்பித் திருப்பி அடர்த்தி மாத்துற வேரியபிள் என்டி வாங்காதீங்க, வைடுல முழுசாத் திருப்பினா குறுக்க கறுப்பு விழும். போலரைசர் ஈரப்பாறை மினுக்கத்தை எடுக்கும். வானம் படத்துல வந்தா கழத்திருங்க, ஒரு பக்கம் மட்டும் கருநீலமா திட்டடிக்கும்.

பழசுன்னா பின்பக்கத்துலேருந்து செல்போன் டார்ச்சை அடிச்சு, முன்னாலேருந்து சாய்ச்சுப் பாருங்க. சிலந்திவலை மாதிரி இழை தெரிஞ்சா ஃபங்கஸ், விலை குறைச்சாலும் எடுக்காதீங்க. அப்புறம் செங்கல் சுவருக்கு நேரா, எஃப் 2.8-ல ஒரு படம் எடுத்து நாலு மூலையையும் பெருசாக்கிப் பாருங்க. நாலும் ஒண்ணுபோல லேசா மங்கலா இருந்தா பரவாயில்ல. ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தா உள்ள கண்ணாடி நகர்ந்திருக்கு, திருப்பிக் குடுத்துருங்க.